63.50 யூரோ லாபம்

பாரிஸ் போகிற சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள், அவர்களுடைய சிநேகிதர்கள் என்று பலரும் கிளம்புமுன் எனக்கு ஒரு போன் போடுவார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "மியூசியம் பாஸ் எடுக்கலாமா, இல்ல அங்கங்க டிக்கெட் வாங்கிக்கலாமா?" நான் யோசிக்கவே மாட்டேன். "கண்ண மூடிக்கிட்டு எடுங்க. எங்களுக்கு ஆளுக்கு 63.50 யூரோ மிச்சம்" என்பேன். கூடவே ஓர் எக்செல் தாளையும் வாட்ஸப்பில் தட்டிவிடுவேன். எந்த இடத்துக்கு எவ்வளவு டிக்கெட், பாஸ் என்ன விலை, எவ்வளவு லாபம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். பார்த்தவர்கள் "ஆடிட்டர் கணக்குன்னா சும்மாவா" என்பார்கள். எனக்கும் அது கேட்கச் சுகமாக இருக்கும்.

அந்தத் தாள் பொய்க்கணக்கு.

அதிலுள்ள டிக்கெட் விலைகளில் ஒன்றுகூடத் தப்பில்லை. கூட்டல் கழித்தலிலும் பிழை கிடையாது. பொய் வேறு இடத்தில் இருக்கிறது. நான் திருச்சியில் அடுத்தவர்களின் புத்தகங்களைப் புரட்டி, எந்தச் செலவு எந்தத் தலைப்புக்குள் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லிப் பிழைப்பவன். ஒளித்ததைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு ஒளிக்கவும் தெரியும். அதைத்தான் என் சொந்தக் கணக்கில் செய்தேன்.

முதலில் பாஸ் என்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். பாரிஸ் மியூசியம் பாஸ் என்பது பாரிஸிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள ஐம்பதுக்கு மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்கும் நினைவுச் சின்னங்களுக்கும் சேர்த்து ஒரே நுழைவுச் சீட்டு. இரண்டு, நான்கு, ஆறு நாள் என்று மூன்று வகை. 2024 கோடையில் நாங்கள் போனபோது விலை முறையே 62, 77, 92 யூரோ. நாள் என்றால் காலண்டர் நாளைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். முதல் வாசலில் சீட்டை ஸ்கேன் செய்த நிமிடத்திலிருந்து 48, 96 அல்லது 144 மணி நேரம் விடாமல் ஓடும். நடுவில் மழை பெய்தாலும், காய்ச்சலில் படுத்தாலும் நிற்காது. ஓர் இடத்துக்குள் ஒரு தடவைதான் போகலாம். ஈபிள் கோபுரம் இதில் சேராது. மண்டையோடுகள் அடுக்கிய பாதாளச் சுரங்கமும் சேராது.

நான்கு நாள் பாஸ் 77 யூரோ. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஏழாயிரம் ரூபாய். அந்த வருஷம் லூவ்ர் நுழைவு 22 யூரோ, ஓர்சே 16, சாந்த் ஷபேல் தேவாலயம் 13, வெர்சாய் அரண்மனை 21. ஒரு நாளைக்கு ஓர் இடம் என்று நிதானமாகப் பார்த்தால் நான்குக்கும் சேர்த்து 72 யூரோ ஆகும். பாஸ் எடுத்தவருக்கு ஐந்து யூரோ நஷ்டம். ஐந்தாவது இடம் சேர்ந்தால் லாபம் தொடங்கும். ஆறாவது, ஏழாவது என்று ஏற ஏற லாபம் கூடும். இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. விற்கிறவர்கள் எல்லாவற்றையும் வெளிப்படையாகவே போட்டிருக்கிறார்கள். ஆற அமர உட்கார்ந்து பார்ப்பவனுக்கு நஷ்டம், விறுவிறுவென்று நடப்பவனுக்கு லாபம். நான் விறுவிறுவென்று நடந்தேன்.

என் தாளில் இருந்தது இது: லூவ்ர் 22, ஓர்சே 16, ஒராஞ்சரி 12.50, சாந்த் ஷபேல் 13, கோன்சியெர்ஜெரி 13, பாந்தியோன் 13, வெற்றி வளைவு 16, வெர்சாய் 21, ரோதான் 14. ஆக 140.50. கழிக்க, பாஸ் 77. மிச்சம் 63.50. எனக்கும் மனைவிக்குமாகச் சேர்த்து 127 யூரோ. கடைசி வரியைப் பச்சை நிறத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

இனி ஒவ்வொரு வரியாகப் பிரிக்கிறேன்.

ஓர்சே. மே 30, வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் உள்ளே போனோம். வியாழன்தோறும் அங்கே இரவு 9.45 வரை திறந்திருக்கும். மாலை ஆறுக்குப் பிறகு ஆன்லைன் டிக்கெட்டே 12 யூரோதான். நான் 16 எழுதினேன்.

ஒராஞ்சரி. நாங்கள் போனது ஜூன் 2, மாதத்தின் முதல் ஞாயிறு. அன்று ஒராஞ்சரியில் யாருக்கும் டிக்கெட் கிடையாது. நேரத்தை முன்பதிவு செய்துகொண்டால் போதும். வாசலுக்குப் போனபிறகுதான் எனக்கு அது தெரிந்தது. தெரிந்தபிறகும், அன்றிரவு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து 12.50 என்று எழுதினேன். இது கைத்தவறு என்று சொன்னால் நானே நம்ப மாட்டேன்.

சாந்த் ஷபேலும் கோன்சியெர்ஜெரியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் உண்டு. தனித்தனியாக வாங்குவதைவிடக் குறைவு. நான் தனித்தனி விலையைத்தான் போட்டேன். அதைவிடப் பெரிய விஷயம், கோன்சியெர்ஜெரியைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருமே நினைத்ததில்லை. 1793இல் கில்லட்டினுக்கு அனுப்புமுன் ராணி மாரி அன்த்வானெத்தை அடைத்து வைத்த சிறை அது. பிரெஞ்சுப் புரட்சியைப் படித்துவிட்டு வருகிறவருக்கு அந்தச் சுவர்கள் பேசும். நான் உள்ளே போனதற்கு ஒரே காரணம், பாஸில் இருந்தது. பாந்தியோனும் அப்படியே. வோல்தேர், ரூஸோ, விக்டர் ஹியூகோ, மேரி கியூரி என்று பெரிய பெரிய ஆட்கள் அடங்கிய இடம். பூமி சுழல்வதைக் காட்ட 1851இல் ஃபூக்கோ அங்கேதான் ஊசலைத் தொங்கவிட்டார். அதன் நகல் இப்போதும் நடுக்கூடத்தில் இருக்கிறது. அது ஆடிக்கொண்டிருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

கையிருப்புச் சரக்கை விற்பனை விலையில் மதிப்புப் போட்டு லாபம் காட்டும் வியாபாரிகளை நான் உட்கார வைத்துத் திட்டியிருக்கிறேன். "வித்தாத்தானேய்யா லாபம்? குடோன்ல கெடக்கிறதுக்கு எப்படிய்யா லாபம் வரும்?" என்பேன். வாங்கியே இருக்க மாட்டாத டிக்கெட்டை முழு விலைக்கு வரவு வைத்து நான் காட்டிய லாபமும் அதே ஜாதிதான்.

ஊரிலிருந்து கிளம்புமுன் என் மனைவி ஒரு பட்டியல் சொல்லியிருந்தாள்: லூவ்ர், ஓர்சே, வெர்சாய், கண்ணாடி ஓவியத் தேவாலயமான சாந்த் ஷபேல், ஒராஞ்சரியிலுள்ள மோனேயின் அல்லிக்குள ஓவியங்கள். அவ்வளவுதான். அவற்றை மட்டும் அந்த நாட்களிலேயே டிக்கெட் வாங்கிப் பார்த்திருந்தால் ஆளுக்கு 22, 12, 21, 13, சைபர் என்று 68 யூரோ ஆகியிருக்கும். இரண்டு பேருக்கு 136. நாங்கள் பாஸுக்குக் கொடுத்தது 231.

231 எப்படி வந்தது, இரண்டு பாஸ் என்றால் 154தானே என்று கேட்கத் தோன்றினால், நீங்கள் என்னிடம் தாள் வாங்கிய எல்லாரையும்விட நன்றாகக் கணக்குப் பார்க்கிறீர்கள். மூன்றாவது பாஸ் என் மகளுக்கு. அவள் அப்போதுதான் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். லூவ்ர், ஓர்சே, வெர்சாய் தொடங்கி என் தாளில் உள்ள எல்லா இடத்திலும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம். எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. பாஸ் எடுக்குமுன் அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். நான் தள்ளுபடிக் கணக்கில் மூழ்கியிருந்ததால் மூன்று பேர் என்று தட்டிப் பணத்தைக் கட்டிவிட்டேன்.

ஓர்சே வாசலில் நின்ற பெண் என் மகளின் சீட்டைக் கையில் வாங்கவே இல்லை. சிரித்துக்கொண்டே போகச் சொன்னாள். பக்கத்துப் பலகையைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மனைவி நாலடி முன்னே போய்விட்டாள். அப்போதே சொல்லியிருக்கலாம். அடுத்த வாசல்களில் அவளுக்குத் தெரியக் கூடாது என்று மகளின் சீட்டையும் சேர்த்து நீட்டிக்கொண்டே போனேன். பயன்படாத சீட்டைத் திருப்பிக் கொடுக்க வழி உண்டா என்றுகூட நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் விஷயம் வெளியே வந்துவிடும். சீட்டைச் செல்லாததாக்கியது என் கௌரவம்.

ஊருக்கு வந்து தாளை முடித்தபோது அந்த 77 யூரோவை மியூசியம் செலவில் காட்டவில்லை. "போக்குவரத்து" என்ற தலைப்பில் மெட்ரோ, ரயில் செலவோடு கலந்துவிட்டேன். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பாரிஸில் ரயில் டிக்கெட் அதிகம் என்று நினைத்துக்கொள்வார்கள். கட்சிக்காரர் ஒருவர் இதே வேலையைச் செய்திருந்தால் என் பேனா அந்த வரியில் வட்டம் போட்டிருக்கும்.

ஆக, 127 யூரோ லாபம் என்று நான் ஊரெல்லாம் சொன்னது உண்மையில் 95 யூரோ நஷ்டம்.

இது என்னோடு போயிருந்தால் இவ்வளவு விரிவாக எழுத அவசியமில்லை. என் சித்தப்பா மகன் குடும்பத்தோடு பாரிஸ் கிளம்பினான். தாள் அனுப்பினேன். "பிள்ளைங்களுக்கும் எடுக்கணுமாண்ணே?" என்று கேட்டான். அந்த இடத்தில் "வேண்டாம்டா, பதினெட்டு வரைக்கும் ஃப்ரீ" என்று சொல்ல எனக்கு ஒரு விநாடி போதும். சொன்னால் அடுத்த கேள்வி, "அப்ப நீங்க பாப்பாவுக்கு எடுக்கலையா?" என்றுதான் வரும். "தளத்துல போட்டிருப்பான், பாத்துக்கடா" என்று பட்டும் படாமலும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனேன். அண்ணன் மழுப்புகிறான் என்று அவனுக்குத் தோன்றவில்லை. எடுக்க வேண்டும்போல என்று நினைத்து இரண்டு பிள்ளைகளுக்கும் எடுத்துவிட்டான். திரும்பி வந்து போன் பண்ணி, "ரொம்பத் தேங்க்ஸ்ணே, பாஸ் இல்லேன்னா திண்டாடிப் போயிருப்போம்" என்றான். நான் "பரவாயில்லடா" என்றேன்.

பணக் கணக்கு இத்தோடு முடிந்தது. பாஸை வைத்துக்கொண்டு நான் வீட்டுக்காரர்களைப் படுத்திய பாடு தனி.

என்னிடம் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் ஒரு பாடம் நடத்துவேன். ஏற்கெனவே செலவாகி, இனித் திரும்பி வராத பணம் அடுத்த முடிவில் தலையிடக் கூடாது. சங்க் காஸ்ட் என்று புத்தகத்தில் இருக்கும். படம் மோசம் என்று இடைவேளையிலேயே தெரிந்த பிறகு, டிக்கெட் காசுக்காக மீதியையும் உட்கார்ந்து பார்ப்பவனுக்குக் காசோடு ஒன்றரை மணி நேரமும் போச்சு என்று விளக்குவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். பாரிஸில் அந்த ஆள் நான்தான்.

ஜூன் 1, சனிக்கிழமை வெர்சாய். கோடைக்காலச் சனி, ஞாயிறுகளில் அங்கே தோட்டத்து நீரூற்றுகளை இசையோடு ஓட விடுவார்கள். அந்த நாட்களில் தோட்டத்துக்குத் தனி டிக்கெட், பாஸ் செல்லாது. பதினான்காம் லூயி அரண்மனைக்குக் கொட்டிய அக்கறையைத் தோட்டத்துக்கும் கொட்டியவன். "வந்தது வந்தோம், தோட்டத்தையும் பாத்துட்டுப் போயிடலாமே" என்றாள் மனைவி. "கையில பாஸ் இருக்கும்போது மறுபடியும் எதுக்குக் காசு?" என்றேன். அரண்மனைக்குள் 73 மீட்டர் நீளக் கண்ணாடி மண்டபம். ஒரு பக்கம் 357 கண்ணாடிகள், எதிர்ப்பக்கம் 17 பெரிய ஜன்னல்கள். அந்த ஜன்னல் வழியாகத்தான் அவள் தோட்டத்தைப் பார்த்தாள். கீழே தண்ணீர் எழும்பிக்கொண்டிருந்தது. ஆளுக்கு 63.50 மிச்சம் பிடிப்பவன் தோட்ட டிக்கெட்டுக்குக் கஞ்சத்தனம் பண்ணியதை என் தாளில் எந்தக் கட்டத்திலும் காணோம்.

ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது இன்னும் அசட்டுத்தனம். ஒராஞ்சரியிலிருந்து ரோதான் மியூசியத்துக்கு நடந்துகொண்டிருந்தோம். வழியில் அலெக்ஸாந்தர் பாலத்துக்குச் சற்று முன்னால் பெத்தி பலே. 1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய மாளிகை, இப்போது பாரிஸ் மாநகராட்சியின் கலை அருங்காட்சியகம். நிரந்தரக் காட்சிக்கு எப்போதும் கட்டணம் கிடையாது. உள்ளே வளைவுத் தூண்கள் சூழ ஒரு சின்னத் தோட்டமும், உட்கார்ந்து காப்பி குடிக்க இடமும் உண்டு. மனைவிக்கு முழங்கால் வலி. "இங்க கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாங்க. ஃப்ரீன்னுதானே போட்டிருக்கு?" என்றாள்.

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "ஃப்ரீங்கிறதாலதான் வேண்டாங்கிறேன். இங்க உக்கார்ற ஒரு மணி நேரமும் பாஸ் ஓடிக்கிட்டிருக்கும்."

இலவசமாக ஓர் இடத்துக்குள் போனால் நஷ்டம் என்று சொல்லும் அளவுக்கு என் புத்தி போயிருந்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நடந்தாள்.

அதற்குச் சற்று முன்னால் ஒராஞ்சரியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மோனேயின் அல்லிக்குள ஓவியங்களுக்காகவே அமைத்த முட்டை வடிவக் கூடங்கள் இரண்டு அங்கே. இரண்டு மீட்டர் உயரமும், மொத்தமாகச் சேர்த்தால் ஏறக்குறைய நூறு மீட்டர் நீளமும் கொண்ட ஓவியங்கள் வளைந்த சுவரைச் சுற்றி ஓடுகின்றன. முதல் உலகப் போர் 1918இல் நின்றதும் நாட்டுக்குக் கொடுப்பதாக மோனே சொன்ன படங்கள் இவை. கண்புரை வந்து நிறம் மங்கிய பிறகும் விடாமல் வரைந்து திருத்திக்கொண்டிருந்தார். 1926 டிசம்பரில் இறந்தார். மறு வருஷம்தான் கூடம் திறந்தது. மேற்கூரை வழியாக வரும் பகல் வெளிச்சம் மேகத்துக்கேற்பக் கூடிக் குறைய, படத்திலுள்ள தண்ணீரும் நிறம் மாறும். அதைப் பார்க்கக் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அதற்காகவே நடுவில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள்.

என் மகள் போய் உட்கார்ந்தாள். நான் செல்போனைத் தூக்கிப் பிடித்து, சுவரை ஒரு சுற்றுச் சுற்றி வீடியோ எடுத்து முடித்து, "போலாமா?" என்றேன். "அப்பா, இப்பதான் வெயில் வருது" என்றாள். "ரோதான் ஆறரைக்கு மூடிடுவான்" என்றேன். இத்தனைக்கும் அப்போது மத்தியானம்கூட ஆகவில்லை. அந்த வீடியோவை ஊருக்கு வந்து ஒரு தடவைகூட நான் போட்டுப் பார்க்கவில்லை.

லூவ்ரைப் பற்றிப் பெருமையாக ஒன்றும் சொல்வதற்கில்லை. மோனாலிசாவை எல்லாரும் படம் எடுப்பதுபோல் தலைகளுக்கு மேலே கையை நீட்டி எடுத்தேன். அதே கூடத்தில் எதிர்ச்சுவரில் வெரொனேஸேயின் கானா ஊர்க் கல்யாணம் தொங்குகிறது. கிட்டத்தட்ட ஏழு மீட்டர் உயரம், பத்து மீட்டர் அகலம். லூவ்ரிலேயே பெரிய ஓவியம் அதுதான். நூற்றுக்கு மேற்பட்ட ஆட்கள், வாத்தியக்காரர்கள், நாய்கள், தட்டுமுட்டுச் சாமான்கள் என்று ஒரு கல்யாணக் கூட்டமே அதில் இருக்கிறது. அவ்வளவு பெரிய படம் என் முதுகுக்குப் பின்னால் இருந்ததை ஊருக்கு வந்த பிறகு ஒரு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் 96 மணி நேரம் முடிகிறது. அதற்குள் பாந்தியோன், கோன்சியெர்ஜெரி, வெற்றி வளைவு மூன்றையும் முடித்தாக வேண்டும். வெற்றி வளைவின் உச்சிக்கு 284 படிகள். முழங்கால் வலிக்காரியை அடியில் நிறுத்திவிட்டு நானும் மகளும் ஏறினோம். என் தாளில் மனைவி பெயருக்கு நேரேயும் அந்த 16 யூரோ லாபமாக இருக்கிறது.

ரோதானை நான் கடைசியாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த மியூசியத்தில் நாங்கள் "சிந்தனையாளன்" சிலையைப் பார்த்தோம், "நரகத்தின் வாசல்" முன்னால் நின்றோம், வந்துவிட்டோம். பல மாதம் கழித்து எழும்பூர் மியூசியத்தைப் பற்றி ஏதோ படித்துக்கொண்டிருந்தபோது ஒரு தகவல் கண்ணில் பட்டது. அங்கே வெண்கலக் கூடத்தில் உள்ள திருவாலங்காட்டு நடராஜரைப் பற்றிச் சிற்பி ரோதான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அவர் இறந்தது 1917இல். கட்டுரை 1921இல் அச்சாயிற்று. அவர் சென்னைக்கு வந்ததே கிடையாது. சிலையை நேரில் பார்க்கவில்லை. புகைப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, முகம், கை, இடை, தூக்கிய திருவடி என்று ஒவ்வோர் அங்கமாகப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்.

அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்டது வெட்கம்தான். அவரிடம் இருந்தவை வெறும் போட்டோக்கள். என்னிடம் ஐம்பது வாசல்களைத் திறக்கும் சீட்டு. அவர் எங்கள் ஊர்ச் சிலையைப் பார்த்த அளவுக்கு நான் அவர் ஊரில் எதையும் பார்க்கவில்லை. அது இருக்கட்டும், ஐ.டி. டிரிப்யூனல் வேலையாகச் சென்னைக்கு அடிக்கடி போகிறவன் நான். எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கி, நடந்தே போகிற தூரத்தில் இருக்கும் அந்த நடராஜரை அதுவரை பார்த்ததில்லை. லாபம் காட்ட வழியில்லாத இடங்களுக்கு என் கால் போகாது போலிருக்கிறது.

அப்படியானால் பாஸ் எடுக்கலாமா, கூடாதா? இந்தத் தடவை ஒழுங்காகச் சொல்கிறேன்.

பாஸைப் பார்க்காமல் முதலில் உங்கள் பட்டியலை எழுதுங்கள். காசு, வயது, முழங்கால் எதையும் யோசிக்காமல், எதைப் பார்க்காவிட்டால் மனசு கேட்காதோ அதை மட்டும் எழுதுங்கள். பிறகு ஒவ்வோர் இடத்துக்கும் நீங்கள் போகிற நாளின், போகிற நேரத்தின் உண்மையான டிக்கெட் விலையைப் போடுங்கள். லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சேவுக்கும் வெர்சாய்க்கும் திங்கள் விடுமுறை; அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் பாஸ் விலையைத் தாண்டினால் எடுங்கள். தாண்டவில்லையென்றால், தாண்ட வைப்பதற்காகப் பட்டியலில் எதையும் சேர்க்காதீர்கள். என் கணக்கு கெட்டது அந்த இடத்தில்தான்.

பதினெட்டுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பாஸ் வேண்டவே வேண்டாம். வயதைக் காட்டப் பாஸ்போர்ட் போதும்.

வரிசையில் நிற்க வேண்டாம் என்பதற்காகப் பாஸ் எடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாஸ் இருந்தாலும் லூவ்ர், வெர்சாய், சாந்த் ஷபேல், ஒராஞ்சரி போன்ற இடங்களுக்கு நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். டிக்கெட் வாங்கும் வரிசைதான் மிச்சமாகும். பாதுகாப்புச் சோதனை வரிசையில் எல்லாரும் நின்றே தீர வேண்டும். சாந்த் ஷபேல் நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் அங்கே சோதனை இன்னும் கெடுபிடி.

என் 2024 விலைகள் இப்போது செல்லாது. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்துக்கு வெளியேயிருந்து வருகிறவர்களுக்கு லூவ்ர் நுழைவு 32 யூரோ. பாஸ் விலையும் ஏறிவிட்டது. புதிய விலைகளைப் போட்டால் சிலருக்குப் பாஸ் உண்மையிலேயே லாபமாக இருக்கலாம். கல் கட்டடம், சரித்திரம், ஓவியம் என்று காலையிலிருந்து இரவு வரை அலுக்காமல் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் தாராளமாக எடுக்கலாம். அவர்களைப் பற்றி நான் பொறாமையோடுதான் சொல்கிறேன், கேலியாக அல்ல.

மற்ற ஊர்களுக்கும் இதே கதைதான். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, டேட் மாடர்ன் எல்லாவற்றிலும் நிரந்தரக் காட்சி இலவசம். அங்கே பாஸ் எடுப்பது கோட்டை, தேவாலயம், படகுச் சவாரி மாதிரியான இடங்களுக்காகத்தான். ரோமில் ரோமா பாஸில் பஸ், மெட்ரோ சேரும், வாடிகன் மியூசியம் சேராது. சிஸ்டைன் கூரைக்காகவே ரோம் போகிறவர் அதை எடுத்துவிட்டு அங்கே போய் முழிக்கக் கூடாது.

இதை அச்சுக்கு அனுப்புமுன் இரண்டு பேரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். மனைவியிடம் மகளின் பாஸைப் பற்றிச் சொன்னேன். "77 யூரோவா?" என்று கேட்டுவிட்டு, அதை ரூபாயாக்கக்கூட முயலாமல், "அதுக்கா அன்னைக்கு என்ன உக்கார விடாம வெரட்டுனீங்க?" என்றாள். ஆமாம், அதற்காகவும்தான். போன 77ஐ எங்கேயாவது பிடித்துவிட வேண்டும் என்ற வெறி ஓர்சே வாசலிலிருந்தே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சொல்லித்தான் அது எனக்கே தெளிவாயிற்று.

சித்தப்பா மகனுக்குப் போன் போட்டேன். அவன் சிரித்தான். "தெரியும்ணே. லூவ்ர் வாசல்லயே தெரிஞ்சிருச்சு. நீங்க சங்கடப்படுவீங்கன்னு சொல்லல." அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். "ஆபீஸ்ல நாலஞ்சு பேர் கேட்டாங்க, உங்க ஷீட்டத்தான் அனுப்பினேன். அவங்களும் நல்ல லாபம்னாங்க" என்றான். பிள்ளைகள் விஷயத்தை அவர்களிடம் சொன்னாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "எங்கண்ணே" என்றான்.

ஆகவே யாராவது உங்களிடம் பாஸ் எடுத்தோம், இத்தனை யூரோ லாபம் என்று சொன்னால், எதிலிருந்து எதைக் கழித்தீர்கள் என்று கேளுங்கள். அந்த இடங்களில் எத்தனை உங்கள் சொந்தப் பட்டியலில் இருந்தவை என்றும் கேளுங்கள். என்னிடம் இதுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.